ஐப்பசிக்கு முன்பே ஊர் கூடட்டும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கடலூருக்கு இரண்டு பக்கமும் கவலைதான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஆறுகள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் தண்ணீரையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து நகரத்துக்கு வடக்கே தாழங்குடா அருகே கடலில் கலக்கிறது. நகரின் நடுவே கெடிலம் ஓடுகிறது. தெற்கே பழைய துறைமுகத்தை ஒட்டி உப்பனாறும் பரவனாறும். கடல் பொங்கினாலும் ஆறு பொங்கினாலும் முதலில் நனைவது இந்த ஊர்தான். இரண்டும் ஒரே இரவில் பொங்கினால் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் இறங்க இடமில்லாமல் பின்வாங்கித் தெருவுக்குள் ஏறிவிடும்.

கடந்த கால் நூற்றாண்டில் இந்த ஊர் பட்டதைச் சொல்லத் தொடங்கினால் பட்டியல் நீளும். 2000 நவம்பர் 29 அன்று கடலூர் அருகே தீவிரப் புயல் கரையேறியது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. 2011 டிசம்பர் 30 காலை, பருவமழையை வழியனுப்பிவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த வேளையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பரில் நெய்வேலிப் பக்கம் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் காட்டாற்று வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துச் சென்றது. 2020-இல் நிவர் வடக்கே மரக்காணம் பக்கம் கரையேறிய சில நாட்களிலேயே, மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றுபோன புரெவி சிதம்பரத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டது. 2021 நவம்பரில் தென்பெண்ணை வெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல். இவ்வளவு பட்ட பிறகும், அக்டோபர் முதல் வாரத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தோடு 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை' முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

முன்னறிவிப்புக்கு இப்போது பஞ்சமில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பே முதல் கண்காணிப்புச் செய்தியைத் தருகிறது. 48 மணி நேரம் முன்னதாக உஷார் அறிவிப்பு, 24 மணி நேரம் முன்னதாக எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்னதாக, கரை கடந்த பின் உள்நாட்டில் என்ன ஆகும் என்ற கணிப்பு என்று நான்கு கட்டமாகச் செய்தி வருகிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எண்கள் இருக்கின்றன. செல்பேசிச் செயலி இருக்கிறது. முன்கூட்டியே மக்களை வெளியேற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசா கண்முன்னே நிற்கிறது. 1999 பெரும் புயலில் அங்கே ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2019-இல் ஃபானி வந்தபோது 12 லட்சம் பேரை முன்னரே இடம் மாற்றினார்கள். உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. நம் பக்கத்திலும் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறுவதற்கு முன்பே 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படியும் 45-க்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. சென்னையிலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை செய்தி தடையின்றி வருகிறது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தெருக்கோடி வரையிலான கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் இன்னும் அடைபட்டுக் கிடக்கிறது. அதை அரசு மட்டும் திறந்துவிட முடியாது. அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் கூடித்தான் திறக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையே எடுத்துக்கொள்வோம். பகலில் கூம்பும் உருளையுமாக, இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகக் கொடிமரத்தில் ஏற்றும் அடையாளம் அது. கூண்டு எண் ஏற ஏறக் காற்றின் வேகமும் படிப்படியாகக் கூடுவதாகவே ஊரில் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தை ஒருபுறமாக விட்டுக் கடக்குமா, மறுபுறமாகவா, நேராக அதன் மேலேயே வருமா என்பதுதான் அவற்றுக்குள் உள்ள வித்தியாசம். 8, 9, 10 அதே வரிசையில் கடும் புயலுக்கு உரியவை. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல் மாலுமிக்காக வகுத்த குறி இது. குடிசையில் இருப்பவர் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை இது சொல்லாது. 'ஐந்துதானே ஏற்றியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் வீட்டிலேயே தங்கிவிட்டால் குற்றம் அவர் மேல் இல்லை; அந்தக் கூண்டின் பொருளை எடுத்துச் சொல்லும் வேலையை நாம் யாரும் செய்யவில்லை. துறைமுகப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இது வீடு வீடாகப் போய்ச் சேரும்.

ஃபெஞ்சல் நமக்குக் கற்றுத் தந்ததை இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். அது புயலாகுமா, ஆகாமலே வலுவிழந்துவிடுமா என்று நாட்கணக்கில் இழுபறி. நவம்பர் 29-இல்தான் புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய பிறகு நகரவே இல்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.-க்கு மேல், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை. இதுவரை கடலோரம் பார்த்துப் பழகிய கதைதான். அடுத்த கட்டத்தைத்தான் நாம் எதிர்பார்க்கவில்லை. வலுவிழந்த புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் போய்க் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மறுபடி 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரின் வடக்குப் பகுதிகளான குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, தாழங்குடா ஆகிய இடங்களுக்கு வந்து சேர்ந்தபோது, புயல் கரையைக் கடந்து இரண்டு நாளாகியிருந்தது.

'புயல் கரையைக் கடந்துவிட்டது' என்று தொலைக்காட்சி சொன்னதும் முகாமிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவதுதான் நம் வழக்கம். ஆற்றங்கரை ஊருக்கு அந்தச் செய்தி பாதிச் செய்தி. மலையில் பெய்தது அணைக்கு வந்து, அணையிலிருந்து நம் வாசலுக்கு வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் நிறைய செய்யலாம். சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள், அது எந்த மணிக்கு எந்தப் பாலத்தைத் தொடும், எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இடுப்பளவு என்பது ஊராட்சி மன்றத் தலைவருக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் தேநீர்க்கடைப் பெஞ்சுக்கும் ஒரே வார்த்தையில் போய்ச் சேர வேண்டும். 'விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி' என்று அறிவித்தால் யாருக்கு விளங்கும்? '2021-இல் வந்த அளவுக்கு வரும்', 'பாலத்தில் இன்ன மட்டம் வரை வரும்' என்றால் பாட்டிகூடப் பெட்டியைக் கட்டிவிடுவார். நீர்வளத் துறை வைத்திருக்கும் அளவையும் மக்கள் நினைவில் இருக்கும் அளவையும் இணைக்கும் வேலை பெரிய செலவில்லாதது. மின்கம்பத்திலும் பள்ளிச் சுவரிலும் ஒவ்வொரு வெள்ளத்தின் மட்டத்தையும் ஆண்டோடு பெயின்ட்டால் குறித்து வைத்தாலே போதும்.

ஒவ்வொரு புயலின்போதும் அதிகாரிகள் சொல்லும் குறை ஒன்றுண்டு: 'எத்தனை சொன்னாலும் முகாமுக்கு வர மாட்டேன் என்கிறார்கள்.' அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் வராதவர் பக்கத்தில் நின்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். கையில் நான்கு ஆடு. பள்ளிக்கூடத்துக்குள் ஆட்டை விட மாட்டார்கள். 'ஆட்டை எங்கே கட்டுவேன்?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தகரக் கூரை பறந்தால் திரும்ப வாங்கப் பத்தாயிரம் வேண்டும், இரவெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலாவது மிஞ்சும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டைப் பூட்டிப் போனால் சிலிண்டரும் டிவியும் இருக்குமா என்று பயம். மூட்டுவலிக்காரரால் மாடிப்படி ஏற முடியாது. இருநூறு பேருக்கு இரண்டு கழிப்பறை, அதிலும் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை என்றால் வயதுக்கு வந்த பெண் பிள்ளையை அழைத்துக்கொண்டு எந்தத் தாய் வருவாள்? மாதவிடாய்க்கு வேண்டிய நாப்கின் எத்தனை முகாமின் பொருள் பட்டியலில் இருக்கிறது? ஆட்டுக்கு ஒரு கொட்டகை, பெண்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள், தரைத்தளத்தில் முதியோருக்கு ஓர் அறை, இரவுக் காவலுக்குத் தெருவிலிருந்தே நான்கு இளைஞர்கள் இருந்தால் மறுப்பவர்களில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். இவற்றில் எதற்கும் தலைமைச் செயலகத்தின் ஆணை தேவையில்லை.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் பேசியாக வேண்டும். சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்களும் இருளர் குடும்பங்களும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. தண்ணீர்த் தொட்டியில் கை வைக்காதே, அந்த வகுப்பறைக்குள் வராதே என்ற சொல் ஒரு புயல் இரவில் கேட்குமானால், மறுமுறை அந்தக் குடும்பம் காலனியிலேயே இருந்து சாகத் துணியுமே தவிர முகாமுக்கு வராது. முகாம் பொறுப்புக் குழுவில் எல்லாத் தெருவுக்கும் ஆள் இருக்க வேண்டும், சாவி ஒரு சமூகத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் இதைப் பருவமழைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவர்கள், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரில் பலர் ஊரின் எந்தப் பட்டியலிலும் வராதவர்கள். ஒலிபெருக்கியில் சொல்வது அவர்களில் பலருக்குப் புரிவதே இல்லை. இந்தியில் நான்கு வரி பதிவு செய்து வைத்துக்கொள்ள ஒரு செல்பேசி போதும்.

சிப்காட் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரசாயன ஆலைகள் பல உப்பனாற்றை ஒட்டியே இருக்கின்றன. ஆறு ஏறினால் கிடங்கில் இருப்பது எது, எந்தத் தளத்தில் இருக்கிறது, சங்கு ஊதினால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது குடிகாட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆலைக்குள் நடக்கும் ஒத்திகையில் பக்கத்து ஊர் ஆட்களும் நின்று பார்க்கட்டும். அதை உதவியாகக் கேட்க வேண்டியதில்லை, அது அந்த ஊர்க்காரர்களின் உரிமை.

கடலுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற ஒற்றை வரி அறிவிப்பு வந்ததும் மீன்வளத் துறை டோக்கன் தருவதை நிறுத்திவிடுகிறது. வாடை திரும்பிக் கடல் கலங்கும் இந்த மாதங்களில் நல்ல பாடு கிடைக்கும் நாட்களும் உண்டு. ஒரு பருவத்தில் இப்படிப் பல நாட்கள் கரையிலேயே கழிந்தால், ஃபைபர் படகில் பங்குக்குப் போகும் ஆளின் வீட்டில் அரிசி வாங்கக் கடன்தான். மீன்பிடிப்பு குறைந்த காலத்துக்கான உதவித்தொகையை அரசு தருகிறது. ஆனால் எச்சரிக்கையை மதித்ததால் இழந்த கூலியை ஈடு செய்யும் ஏற்பாடு எதுவும் ஊருக்குள் இல்லை. எச்சரிக்கை பொய்த்துப்போன நாளும் உண்டு, காற்றே அடிக்காமல் போன புயலும் உண்டு. அந்த நாட்களில் போகாமல் இருந்தவன் ஏமாந்தவன் என்ற பேச்சு கரையில் எழுந்தால், அடுத்த எச்சரிக்கைக்கு மதிப்பிருக்காது. 2017 ஒக்கியில் குமரிக் கடலோரம் பட்டதை மறக்க முடியாது. புயல் உருவாகி அறிவிக்கப்பட்டபோது தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கரையை விட்டு எங்கோ தொலைவில் இருந்தன. செய்தி எட்டவே இல்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கு வேகம் பிடித்தது. விசைப்படகுகளுக்கு அது வந்துகொண்டிருக்கிறது. சிறு ஃபைபர் படகுகள் பெரும்பாலும் செல்பேசி அலை எட்டும் வரைதான் ஊரோடு பேச முடியும்.

இந்தப் பாரத்தை மீனவக் கிராமம் மட்டும் சுமக்கக் கூடாது. தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனங்குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் ஒரு படகும் இறங்காது, அந்தக் கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது. அந்தப் பஞ்சாயத்தார் மீன்வளத் துறையோடு சேர்ந்து உட்கார்ந்து, எச்சரிக்கை நாட்களுக்கென்று ஒரு பொது நிதியை ஏற்படுத்தலாம். ஏலக்காரர்கள், ஐஸ் கம்பெனிக்காரர்கள், ஏற்றுமதியாளர்கள் நல்ல பாடு கிடைத்த நாட்களில் அதில் போடட்டும். மீன் வாங்கி உண்ணும் நகரமும் போடலாம். வலையும் இன்ஜினும் பத்திரப்படுத்த உயரமான கிடங்கு, படகை மேட்டுக்கு இழுக்க முன்பதிவு செய்த டிராக்டர் இரண்டும் நகராட்சி நிலையிலிருந்து மாநகராட்சியாக உயர்ந்துவிட்ட ஊரால் முடியாதவை அல்ல.

தானே புயல் தந்த அடி காற்றினால் வந்தது. தமிழகத்திலும் புதுச்சேரியிலுமாக 40-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பண்ருட்டிப் பலாவும் நெய்வேலி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று வைத்தாலும் முந்திரி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும், பலாவுக்கு அதைவிடக் கூடுதல். தோப்பு போனவரின் பிள்ளையின் படிப்பு அந்த ஆண்டே நின்றது. கிராமங்களுக்கு மின்சாரம் வரப் பல வாரங்கள் பிடித்தன. கடலூர் நகரின் சில பகுதிகளில் இப்போது மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போய்விட்டன, அது நல்ல மாற்றம். ஆனால் மின்சாரம் போன இரண்டாம் நாள் செல்பேசிக் கோபுரங்களின் ஜெனரேட்டரில் டீசல் தீரும். அப்போது எந்தச் செயலியும் பேசாது. ஒவ்வொரு தெருவிலும் பேட்டரி வானொலி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சொன்னால் பழைய காலத்துப் பேச்சாகத் தோன்றலாம், இருந்தாலும் அதைச் சொல்லியே தீர வேண்டும்.

புயலுக்குப் பிறகு சாகிறவர்கள் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அறுந்து கிடக்கும் கம்பியைத் தண்ணீரில் மிதிக்கிறவர், பாதி முறிந்து தொங்கும் கிளையை வெட்டப் போகிறவர், பூட்டிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டுகிறவர். புயலின் கண் ஊர்மேல் வந்ததும் காற்று சட்டென்று அடங்கும், வானம் வெளுக்கும். 'முடிந்தது' என்று வெளியே வந்தால் அரை மணியிலோ ஒரு மணியிலோ எதிர்த்திசையிலிருந்து மறுபாதிக் காற்று அடிக்கும். இது பெரியவர்களுக்குத் தெரியும். செல்பேசியில் படம் எடுக்க ஓடும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மருந்தும் அப்படித்தான். நாள்தோறும் இன்சுலின் போடுகிறவர், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்கிறவர், வீட்டில் ஆக்சிஜனோடு இருப்பவர், பத்து நாளில் பிரசவம் குறித்திருக்கும் பெண் என்று ஒரு வார்டில் இப்படி எத்தனை பேர் என்று கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரிடம் கைக்குழந்தைகளின் கணக்கு இருக்கிறது. ரேஷன் கடையில் தனியாக வாழும் முதியோரின் அட்டை இருக்கிறது. மூன்று பட்டியலும் மூன்று பீரோவில் தனித்தனியாகத் தூங்குகின்றன. அக்டோபருக்கு முன் ஒரு நாள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எச்சரிக்கை வந்ததும் முதல் ஆட்டோவில் ஏற வேண்டியவர் யார், அந்த ஆட்டோ யாருடையது என்று எழுதிவிட்டால் ஒரு நாள் வேலை முடிந்தது. பேரிடர்க் காலத்துக்கென்று அரசு பயிற்சி கொடுத்திருக்கும் முதல்நிலைப் பொறுப்பாளர்களும் ஆப்த மித்ரா தன்னார்வலர்களும் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்ட பிறகு, 1972-இல் கிராமத் தன்னார்வலர்களைக் கொண்டு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அதில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். வீட்டை விட்டு வர ஆண் அனுமதி வேண்டும் என்றிருந்த சமூகத்தில் பெண் தன்னார்வலர் கதவைத் தட்டியதால்தான் பெண்கள் முகாமுக்கு வந்தார்கள். பணக்கார நாடு அல்ல அது. நம் மகளிர் சுய உதவிக் குழுக்களின் வலைப்பின்னல் அதற்குச் சளைத்ததில்லை.

வடிகால் விஷயத்துக்கு வந்தால் இங்கே கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. கடைக்கு முன்னால் வடிகால் மேல் சிலாப் போட்டுப் படிக்கட்டு கட்டியவர், வாழைமட்டையைக் கால்வாயில் தள்ளியவர், ஏரியின் உள்வாயில் மனை பிரித்து விற்றவர், அதற்கு அனுமதி கொடுத்தவர், இணைப்பு வாங்கித் தருவதாக வாக்குக் கேட்டவர், விலை குறைவு என்று வாங்கியவர் எல்லோரும் சேர்ந்துதான் தண்ணீரின் வழியை அடைத்தோம். நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கும் தண்ணீரும் பரவனாற்றில் சேர்கிறது. கனமழை நாட்களில் எவ்வளவு இறைக்கலாம் என்பதை சுரங்க நிறுவனம், நீர்வளத் துறை, கரையோர விவசாயிகள் மூவரும் மழைக்கு முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழையின் குடிசையை மட்டும் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிட்டுப் பெரிய மண்டபத்தை விட்டுவைத்தால் யாருக்கும் அதில் நம்பிக்கை வராது. மாற்று இடம் கொடுத்த பிறகே குடிசையை அகற்ற வேண்டும், மண்டபத்துக்கு நாளைக்கே நோட்டீஸ் போகலாம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் சுனாமியில் குறைவாகச் சேதமடைந்ததை, கடலூர் மாவட்டக் கரையோரத்தை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடற்கரையில் பனையும் சவுக்கும் வைக்க இடம் கேட்பவர்களுக்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அரசியல் கட்சிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த நேரத்திலிருந்து நிவாரணம் முடியும் வரை, முகாம் வாசலில் கட்சிக் கொடி வேண்டாம், நிவாரணப் பட்டியலில் கட்சிக்காரர் பார்த்துப் பெயர் சேர்ப்பது வேண்டாம், அணை உடைந்தது என்று உறுதியில்லாத செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேண்டாம். குறையைச் சுட்டிக்காட்டுவது எதிர்க்கட்சியின் கடமை. அதைத் தாராளமாகச் செய்யட்டும், மழை விட்ட பிறகு மாமன்றத்திலும் சட்டமன்றத்திலும் செய்யட்டும். மழை அடிக்கும்போது எல்லாக் கட்சி இளைஞரும் ஒரே படகில் ஏறட்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சி வார்டுகளுக்குப் பகுதி சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் புயல் ஆயத்தத்தைத் தனித் தீர்மானமாக வைக்க வேண்டும். முகாமின் சாவி யார் யாரிடம் என்று குறைந்தது மூன்று பெயர், மரம் அறுக்கும் இயந்திரம் உள்ளவர், டிராக்டர் உள்ளவர், படகு உள்ளவர், ஜெனரேட்டர் உள்ள திருமண மண்டபம், ஆடு மாடு கட்டும் மேட்டு நிலம், இந்தி தெரிந்தவர், முதலுதவி தெரிந்தவர் ஆகிய விவரங்களை எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சக்கர நாற்காலியில் இருப்பவரையும் சேர்த்து எல்லோரையும் முகாமுக்கு நடத்திப் பார்த்தால் எந்தக் கதவு திறக்காது, எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அக்டோபர் 2-இல் அந்தக் குறைகள் சரியாயினவா என்று கேட்க வேண்டும்.

மழை முடிந்து ஜனவரி 26 கிராம சபை வரும்போது மறுபடி கணக்கு. எச்சரிக்கை வந்து எத்தனை மணி நேரத்தில் கடைசி வீட்டுக்குத் தெரிந்தது? யார் விடுபட்டார்கள்? எந்தத் தெரு முகாமுக்கு வரவில்லை, ஏன்? எந்தப் படகு உடைந்தது, பொது நிதியிலிருந்து யாருக்கு எவ்வளவு போனது? சுவரில் புதிதாக எந்த மட்டத்தில் கோடு போட வேண்டும்? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊராட்சிச் செயலரும் வராமல் போன தெருக்காரர்களும் அதில் கையெழுத்திட வேண்டும்.